பழைய டி-சட்டைகளை மாற்றித் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய சட்டைகளைவிட யாரோ கொடுத்த டி-சட்டைகளே அதிகமாக இருக்கும். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் கொடுத்தது, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் எனப்படும் மாணவர் அணியின் நிறத்தில் வாங்கியது, கோயில் திருவிழாத் தொண்டர்களுக்கு அச்சடித்தது, கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுப்பணி, தொழிற்சாலைக் குடும்ப தினம், நெடுந்தூர ஓட்டம் என்று அவை ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் சிலர் கூடி, இந்தச் சட்டைகளைப் பிரித்தும் வெட்டியும் வேறு உடைகளாகத் தைத்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், தைத்துத் தைத்து நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் எந்தச் சட்டையை வெட்டலாம்?

உங்களுக்கு எந்த நினைவும் இல்லாத சட்டையை வெட்டுங்கள். முதல் சட்டை எப்படியும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அது மகன் முதன்முதலாக ஓட்டப் பந்தயத்தில் வென்ற நாளில் அணிந்த சட்டையாக இருந்தால் அந்த வருத்தம் நீண்ட நாள் தங்கிவிடும். வெட்டப்போகும் சட்டையை ஒருமுறை துவைத்து நன்றாகக் காயவைத்து, பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அக்குளிலும் முதுகிலும் துணி நைந்து வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அந்தப் பகுதிகளை உடைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆண்களின் பெரிய அளவுச் சட்டைகள்தான் தொடங்குவதற்கு ஏற்றவை, ஏனெனில் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளத் துணி மிச்சம் இருக்கும்.

சட்டை பருத்தியா, பாலியெஸ்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழுத்தின் உட்பக்கத்தில் அல்லது பக்கவாட்டுத் தையலில் சீட்டு இருந்தால் அதில் எழுதியிருக்கும். நம் ஊரில் நிகழ்ச்சிகளுக்கு அச்சடிக்கும் சட்டைகளில் பெரும்பாலும் சீட்டே இருப்பதில்லை. அப்போது கீழ்மடிப்பின் உட்புறத்திலிருந்து சிறு துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் இரண்டு குணமும் தெரியும்.

கடந்த பல ஆண்டுகளாக ஓட்டப் போட்டிகளுக்கும் தொண்டர்களுக்கும் கொடுக்கப்படும் வழவழப்பான, உடனே காய்ந்துவிடும் சட்டைகள் பாலியெஸ்டர்தான். அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாயம் ஏற்காது, வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப்பெட்டியைத் தாங்காது. ஆனால் கடைக்குக் கொண்டுபோகும் பைக்கும், மழைக்காலத்தில் செருப்பு வைக்கும் உறைக்கும் அவைதான் சிறந்தவை. நம் ஊர் வெயிலில் உடம்போடு ஒட்டும் உடையை, குறிப்பாகக் குழந்தைகளின் உடையைத் தைக்கப் பருத்திச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலைத் துணியும் வேட்டித் துணியும் சொன்னபடி கேட்கின்றன. டி-சட்டைத் துணி மட்டும் ஏன் இழுத்துக்கொண்டும் சுருண்டுகொண்டும் போகிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றப் பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேலை நெய்த துணி. நீளவாட்டில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் ஒன்றன் மேலும் கீழுமாகப் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். டி-சட்டையோ பின்னிய துணி. தமிழ்நாட்டில் திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று சொல்வது இதனால்தான். இதில் நூல், கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணிக்குள் அடுத்த வரிசைக் கண்ணி நுழைந்து துணியாகிறது. வளைந்த நூலை இழுத்தால் நிமிரும், விட்டால் மீண்டும் வளையும். அதனால்தான் டி-சட்டை நீளவாட்டில் இழுபடுவதைவிடக் குறுக்குவாட்டில் அதிகமாக இழுபடுகிறது. எதைத் தைத்தாலும் அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வரவேண்டும். மாற்றி வெட்டினால் அளவு சரியாக இருந்தாலும் தலையோ தோளோ நுழையாது.

வெட்டிய ஓரம் சுருள்வதற்கும் இந்தக் கண்ணிகளே காரணம். நீளவாட்டில் வெட்டிய ஓரம் துணியின் பின்பக்கமாகச் சுருளும். குறுக்கே வெட்டிய ஓரம் முன்பக்கமாகச் சுருளும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். சேலைத் துணியைப்போல் இதில் பிசிறு வராது, ஆகவே விரும்பினால் ஓரத்தை மடித்துத் தைக்காமலே விட்டுவிடலாம்.

ஒரு சட்டையைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மெல்லிய சடைபோல் வரிகள் மேலிருந்து கீழே ஓடும். அந்த வரிதான் துணியின் நேர்கோடு. மலிவாகத் தைத்த சட்டைகளில் நாலைந்து சலவைக்குப் பின் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப்பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சட்டையில் தையலை நம்பி மடித்து வெட்டினால் உடை முழுவதும் கோணலாகிவிடும். தையலை மறந்துவிட்டு, இந்தச் சடைவரியைக் கோடாக வைத்து மடியுங்கள்.

வீட்டில் பாட்டியின் கால் மெஷின் மட்டுமே இருக்கிறது. அது போதுமா?

போதும். ஆனால் அதில் நேர்த்தையல் மட்டுமே வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துணி இழுபடும்போது நேர்த்தையலின் நூல் இழுபடாது. சட்டையை மாட்டும்போது 'படக்' என்று அறுந்துவிடும். இதைத் தவிர்க்க, பருத்தி நூலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் நூலைப் போடுங்கள், தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டுங்கள், தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் மிக இலேசாக இழுத்துப் பிடியுங்கள். அதிகமாக இழுத்தால் தையல் அலை அலையாக எழும்பிவிடும். துணி மெஷினின் பல்லுக்குள் சிக்கினால், அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுத்துவிடலாம்.

மின்சார மெஷின் வைத்திருப்பவர்கள் ஜிக்-ஜாக் தையலை அகலம் 0.5 முதல் 1, நீளம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நேர்த்தையல்போலவே தெரியும், ஆனால் இழுபடும். ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷின் இருந்தால் வேலை விரைவாக முடியும். அது இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் ஊசியை மாற்றியே ஆகவேண்டும். வழக்கமான கூர்முனை ஊசி கண்ணியின் நூலைக் குத்தி அறுத்துவிடும். நாலு சலவைக்குப் பின் தையல் ஓரமாகச் சிறு சிறு ஓட்டைகள் தோன்றும். முனை உருண்டையாக இருக்கும் பின்னலாடை ஊசி, நூல்களை விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய சட்டைக்கு 75/11 அளவு ஊசியும், கனமான சட்டைக்கு 90/14 அளவு ஊசியும் பொருந்தும். பழைய மெஷினாக இருந்தால், இப்போது அதில் இருக்கும் ஊசியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். தையல் விட்டு விட்டு விழுகிறது என்று கவலைப்பட்டு மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுக்க நினைத்தவர்கள் பலருக்கு, ஊசியை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

மெஷினே இல்லாமல் கையால் தைக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு தையலையும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் போடும் பின்தையலே டி-சட்டைக்கு ஏற்றது. நூலை இறுக்காமல், நாலு விரற்கடை தைத்ததும் துணியை ஒருமுறை இழுத்துவிட்டு மேலே தொடருங்கள்.

அளவு பெரிதாக இருக்கும் சட்டையை எனக்குப் பொருந்தும்படி எப்படிச் சிறிதாக்குவது?

சட்டையை உள்வெளியாகத் திருப்பி அணிந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கவாட்டில் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். தனியாக இருந்தால், உங்களுக்குச் சரியாக இருக்கும் வேறொரு டி-சட்டையை அதன்மேல் விரித்து, தையல் சாக்கட்டியால் சுற்றி வரைந்து, தையலுக்கு 1 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். கை ஓரத்திலிருந்து தொடங்கி, அக்குளில் வளைந்து, கீழ்மடிப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அக்குளில் வளைவு மென்மையாக இருக்க வேண்டும். அங்கே கூர்மையான மூலை வந்தால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறும். தைத்து, போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, கையைத் தூக்கி இறக்கிய பிறகே மிச்சத் துணியை வெட்டுங்கள்.

தோள்தையல் உங்கள் தோளைத் தாண்டிக் கை மேல் தொங்கும் அளவுக்குப் பெரிய சட்டையாக இருந்தால் பக்கவாட்டில் மட்டும் பிடித்தால் போதாது. கையைத் தனியாகப் பிரித்தெடுத்து, கைக்குழியை உள்ளே நகர்த்தி, கையை மறுபடியும் பொருத்த வேண்டும். இது அரைநாள் வேலை. முதல் சட்டையிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கழுத்தை மாற்ற நினைத்து வெட்டினேன், அகன்று தொங்குகிறது. என்ன செய்வது?

எனக்கும் நேர்ந்ததுதான். நான் முதன்முதலில் வெட்டியது என் தம்பியின் பள்ளி விளையாட்டுச் சட்டை, நீல இல்லத்தின் சட்டை. இறுக்கமான கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டால் அழகாக இருக்கும் என்று எண்ணி, முன்னும் பின்னும் ஒன்றாக மடித்து, பட்டைக்குக் கீழே இரண்டு விரற்கடை இறக்கி ஒரே வெட்டாக வெட்டினேன். வெட்டும்போது அளவாகத்தான் தெரிந்தது. போட்டுக்கொண்டதும் ஓரம் சுருண்டு இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது, பின்கழுத்து முதுகுவரை திறந்துகொண்டது, சட்டை ஒரு தோளில் நிற்காமல் நழுவியது. முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே ஆழம் அல்ல என்பதை அன்றுதான் கற்றேன். அன்றிலிருந்து கழுத்தை மட்டும் தையலை ஒட்டியே வெட்டுகிறேன்; போதாவிட்டால் மறுபடியும் அரை சென்டிமீட்டர் வெட்டுகிறேன்.

ஏற்கெனவே அகன்றுவிட்ட கழுத்துக்குப் புதிய பட்டை வைத்துத் திருத்தலாம். சட்டையின் கழுத்துச் சுற்றளவை இழுக்காமல் அளந்து, அதில் 85 விழுக்காடு நீளத்துக்குப் பட்டையை வெட்டுங்கள். கழுத்து 60 சென்டிமீட்டர் என்றால் பட்டை 51, இணைப்புக்கு 2 சேர்த்து 53. அகலம் 5 சென்டிமீட்டர் வைத்து நீளவாட்டில் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். பட்டையின் நீளம், துணி அதிகம் இழுபடும் திசையில் இருக்க வேண்டும். வளையமாக இணைத்தபின் பட்டையையும் கழுத்தையும் நான்கு சம பாகங்களாகக் குறித்து, குறியோடு குறி சேர்த்துக் குத்தி, பட்டையை மட்டும் இழுத்து, சட்டையை இழுக்காமல் தையுங்கள். அந்தப் பதினைந்து விழுக்காட்டுக் குறைவே கழுத்தை உள்நோக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பெரியவர்களின் சட்டையிலிருந்து குழந்தைகளுக்கு என்ன தைக்கலாம்?

மூன்று வயதுப் பிள்ளையின் சட்டைக்கு அப்பாவின் ஒரு சட்டையே போதும், மிச்சமும் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: பழைய சட்டையின் கீழ்மடிப்பே புதிய சட்டையின் கீழ்மடிப்பாகவும், பழைய கையின் ஓர மடிப்பே புதிய கையின் ஓரமாகவும் அமையும்படி வெட்டுங்கள். டி-சட்டைத் துணியில் மிகவும் கடினமான வேலை ஓரம் மடித்துத் தைப்பதுதான். அதைத் தொழிற்சாலையே உங்களுக்காக முடித்து வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, டி-சட்டையின் மேற்பகுதியும் பழைய சேலையின் கீழ்ப்பகுதியும் சேர்ந்த பாவாடைச் சட்டை. தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை தைத்துப் போட்டால், காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அணிந்த பிள்ளை பதினொரு மணிக்குள் 'அரிக்கிறது' என்று கழற்றிவிடும். மேலே நன்கு துவைத்துப் பழகிய பருத்திச் சட்டைத் துணி, கீழே கரை வைத்த சேலைத் துணி என்றால் நாள் முழுவதும் போட்டுக்கொண்டு ஓடும்.

இதைத் தைக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இழுபடும் துணியையும் இழுபடாத துணியையும் இணைக்கிறோம். சேலைத் துணியைப் பெரிய நேர்த்தையல் போட்டுச் சுருக்கி, இடுப்பின் சுற்றளவுக்குக் கொண்டுவந்து, நான்கு இடங்களில் குறித்துப் பிறகு இணையுங்கள். அந்த இணைப்பு இனி அதிகம் விரியாது என்பதால், இடுப்புச் சுற்றளவு பிள்ளையின் தோள் நுழையும் அளவுக்கு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதுகில் ஒரு திறப்பு வைத்துப் பொத்தான் தைக்க வேண்டும். இரண்டாவது எடை. சரிகைக் கரை வைத்த சேலைத் துணி கனமானது. தாங்க ஏதும் இல்லாவிட்டால் மாலைக்குள் மேற்சட்டையை இழுத்து நீளமாக்கிவிடும். இடுப்பு இணைப்பின் உட்புறத்தில் ஒரு பருத்தி நாடாவையோ மெல்லிய எலாஸ்டிக்கையோ வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டால் அந்த எடையை நாடா தாங்கிக்கொள்ளும். கரையை வெட்டாமல் அப்படியே கீழோரமாக வைத்துக்கொண்டால் அங்கேயும் மடித்துத் தைக்கும் வேலை இல்லை.

தைக்காமலே பை செய்ய முடியும் என்கிறார்களே?

முடியும். பினாங்கில் 2011 ஜனவரியிலிருந்து கடைகள் நெகிழிப் பையை இலவசமாகக் கொடுப்பதில்லை, ஆகவே துணிப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை. இரண்டு கைகளையும் தையலோடு வெட்டியெடுங்கள், கழுத்தை அகலமான முட்டை வடிவில் வெட்டுங்கள். தோள்கள் இரண்டும் பைப்பிடியாகிவிடும். கீழே மடிப்பை வெட்டிவிட்டு, முன்பின் இரண்டையும் சேர்த்து 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 2 சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டி, முன்கீற்றையும் பின்கீற்றையும் இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். முடிச்சுகளுக்கு இடையில் ஓட்டை தெரிந்தால், பக்கத்து முடிச்சின் ஒரு கீற்றோடு சேர்த்து மறுபடி கட்டுங்கள்.

உண்மையைச் சொன்னால், காய்கறி வாங்க இந்தப் பை போதும், அரிசி வாங்கப் போதாது. எடை ஏறினால் பின்னல் துணி முழங்கால்வரை நீண்டுவிடும். கனமான பொருளுக்கு, அடிப்பகுதியைத் தைத்து, உள்ளே பழைய கைலித் துணியைக் கொண்டு ஓர் உட்பை வையுங்கள். நெய்த துணி எடையைத் தாங்கும், வெளித்துணி பார்வைக்கு இருக்கும்.

டி-சட்டை நூல் என்பது என்ன?

சட்டையின் உடற்பகுதியை நீண்ட நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் சுருண்டு உருண்டையான தடித்த நூலாகிவிடும். இதற்குப் பக்கவாட்டுத் தையல் இல்லாத, குழாய்போல் பின்னிய சட்டை வேண்டும். அக்குளுக்குக் கீழே குறுக்காக ஒரு வெட்டு, கீழ்மடிப்பை நீக்க ஒரு வெட்டு. கிடைத்த குழாயைத் தரையில் விரித்து, ஒரு பக்க ஓரத்தை மறுபக்க ஓரத்துக்கு 3 சென்டிமீட்டர் முன்னால் வரும்படி மடியுங்கள். மடித்த பக்கத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிக்கொண்டு வந்து, அந்த 3 சென்டிமீட்டரை மட்டும் வெட்டாமல் விடுங்கள். பிறகு வெட்டாமல் விட்ட, முதுகெலும்பு போன்ற அந்தப் பகுதியை விரித்து, முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டினால் எல்லாம் ஒரே நூலாகத் தொடரும். உடற்சுற்றளவு 106 சென்டிமீட்டர், வெட்டிய உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் 18 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 19 மீட்டர் நூல் கிடைக்கும். இழுத்தபின் இன்னும் கூடும்.

இந்த நூலைத் தடித்த குரோஷா ஊசியால் பின்னிக் கால்மிதி செய்யலாம். முடிச்சுப் பின்னலில் பூந்தொட்டி தொங்கவிடும் உறியும் செய்யலாம். நம் வீடுகளில் ஒருகாலத்தில் தயிர்ப்பானையும் மோர்ப்பானையும் தொங்கிய அதே உறிதான். இப்போது அதில் மணிப்பிளாண்ட் தொங்குகிறது. குரோஷா தெரியாதவர்கள் மூன்று நூல்களைச் சடைபோல் பின்னி, சுருட்டி, அடியில் கையால் தைத்துவிட்டாலே கால்மிதி ஆகிவிடும். எங்களுக்கு ஒரு கால்மிதிக்கு ஐந்தாறு சட்டைகள் பிடிக்கின்றன.

மங்கிய சட்டைக்குச் சாயம் போடலாமா? மஞ்சள் போட்டால் போதாதா?

மஞ்சளின் நிறம் அழகானது, ஆனால் நிலைக்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சலவைத்தூளும் மஞ்சளை அப்படியே சிவக்கச் செய்யும். வெயில் அதை வெளிறச் செய்யும். ஒருநாள் நிகழ்ச்சிக்குச் சரி, நாள்தோறும் அணியும் உடைக்குச் சரிவராது.

பருத்திச் சட்டைக்குக் குளிர்நீரில் ஏறும் ரியாக்டிவ் சாயமும் சலவைச் சோடாவும் வாங்குங்கள். இந்தச் சாயம் பருத்தி நாரோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதால் சலவையில் போகாது, சூடுபடுத்தவும் தேவையில்லை. சாயமேற்றிய துணியை ஈரம் காயாமல் நெகிழி உறையில் மூடி ஓர் இரவு வைத்தால் போதும். குளிர் நாடுகளில் இதற்குக் கதகதப்பான அறை தேட வேண்டியிருக்கும். நம் பினாங்கின் வெப்பத்தில் வீட்டுப் பின்கட்டே போதுமானது. சட்டையை நாடாவால் கட்டி முடிந்து சாயமிட்டால் முடிச்சுச் சாயம் ஆகும். பாலியெஸ்டர் தையல் நூல் மட்டும் சாயம் ஏறாமல் பழைய நிறத்திலேயே நிற்கும். அதுவும் ஓர் அழகுதான்.

கறுப்புப் பருத்திச் சட்டையில் வெளுப்பானைக் கொண்டு வடிவங்கள் வரையலாம். கறுப்பு பெரும்பாலும் செம்மண் நிறமாக மாறும். ஆனால் இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. வெளுப்பானை 'நிறுத்த' வினிகர் ஊற்றும்படி சிலர் சொல்கிறார்கள். குளோரின் வெளுப்பானோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நச்சுவாயு வெளிவரும். நிறையத் தண்ணீரில் அலசி, பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து அதில் நனைத்தெடுங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிள்ளைகளை இதில் சேர்க்க வேண்டாம்.

டி-சட்டையில் பாத்திக் செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனால் எதிர்பார்த்த கோடு வராது. பாத்திக்கில் உருகிய மெழுகைச் சாந்திங் என்னும் மூக்குக்கருவியால் துணியில் வரைந்து, மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாதபடி தடுக்கிறார்கள். இறுக்கமாக நெய்த பருத்தியில் கோடு நூல்போல் நிற்கும். கண்ணி இடைவெளி உள்ள டி-சட்டையில் மெழுகு பரவித் தடித்துவிடும். பாத்திக்கை ஓவியக்கலையாக வளர்த்தவரும் 2008இல் மறைந்தவருமான சுவா தியன் தெங் பினாங்கில் வாழ்ந்தவர். அந்தக் கலையைக் கற்க விரும்புகிறவர்கள் நெய்த துணியில் தொடங்குவதே நல்லது. டி-சட்டையிலேயே வேண்டும் என்றால் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தடித்த பூக்களும் பெரிய இலைகளுமாக வரையுங்கள்.

தையல் தெரியாத பிள்ளைகள் இதில் என்ன செய்யலாம்?

புள்ளிக் கோலம் தைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் இப்போது பெரியவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறம் ஒன்றே உள்ள சட்டையின் நெஞ்சுப் பகுதியில் சாக்கட்டியால் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தின் கோட்டை வரைந்து, தடித்த பூத்தையல் நூலால் சங்கிலித் தையல் போட வேண்டும். சங்கிலித் தையல் துணியோடு சேர்ந்து இழுபடும் என்பதால் டி-சட்டைக்கு அது மிகவும் பொருந்தும். பின்பக்கத்தில், இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுத்துணி ஒன்றை வைத்துவிட்டால் துணி சுருங்காது. கோடு எங்கேயும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோலமாக இருந்தால், எங்கே முடித்தார்கள் என்பதே தெரியாமல் நூலை உட்புறம் மறைத்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து ஒரு கோலத்தை முடித்தாள்; வாசலில் பாட்டி போடும் கோலத்தில் எந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு திரும்புகிறது என்று இப்போது அவள் சொல்லிக்கொடுக்கிறாள்.

மறைந்தவரின் சட்டையை வெட்டலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. இறந்தவரின் உடையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நம்பும் பெரியவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். அவசரப்படத் தேவையில்லை. துணி காத்திருக்கும்.

எங்களிடம் வந்த ஓர் அம்மா, கணவரின் தண்ணீர்ப்பந்தல் சட்டையைக் கொண்டு வந்திருந்தார். மஞ்சள் நிறம், நெஞ்சில் அச்சடித்த வேல் வெடித்து உதிரத் தொடங்கியிருந்தது, வயிற்றுப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை. கணவர் ஆண்டுதோறும் பந்தலில் ரோஸ் சிராப் கலக்குகிறவராம். அந்த அம்மா இரண்டு வாரங்கள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர கத்தரிக்கோலைத் தொடவில்லை. மூன்றாவது வாரம், சட்டையைத் தலையணை உறையாக மாற்றலாம் என்று முடிவு செய்தார். நான் வேல் படத்தை நடுவில் வைத்துக் கறையை வெட்டிவிடலாம் என்று கோடு போட்டேன். அவர் சாக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, கோட்டை அழித்துவிட்டு, கறையும் வேலும் இரண்டும் வரும்படி புதிதாக வரைந்தார்.

நடைமுறையில் ஒரே ஒரு குறிப்பு: இப்படிப்பட்ட சட்டையை வெட்டும் முன் பின்பக்கம் முழுவதும் மெல்லிய ஒட்டுத்துணியை ஒட்டிவிடுங்கள். நைந்த துணி நெடுநாள் தாங்கும், வெட்டும்போது கையிலும் நழுவாது.

அச்சு உள்ள சட்டையை இஸ்திரி போடுவது எப்படி?

உள்வெளியாகத் திருப்பி, இடையில் கேக் சுடும் காகிதம் வைத்துப் போடுங்கள். அச்சின் மேல் நேராகச் சூடு பட்டால் உருகி இஸ்திரிப்பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய சட்டைகளும் தையல் பொருள்களும் எங்கே கிடைக்கும்?

முதலில் உறவினர் வீட்டு அலமாரிகளில் கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமானால், நகர அரங்கத்துக்கு அருகே காலையில் கூடும் லோரோங் கூலிட் சந்தையிலும், பயன்படுத்திய உடைகளை விற்கும் பண்டல் கடைகளிலும் பழைய பருத்திச் சட்டைகள் கிடைக்கும். தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். துணியும் நாடாவும் பார்க்க லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கமும், ஜாலான் பினாங்கில் சௌராஸ்தா சந்தையைச் சுற்றியும் ஒருமுறை நடந்துவாருங்கள். செலவழிக்க வேண்டிய இடம் கத்தரிக்கோல் ஒன்றுதான். நல்ல துணிக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, அதனால் யாரும் காகிதம் வெட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டி மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வது?

உள்ளங்கையைவிடப் பெரிய பருத்தித் துண்டுகளை நான்கைந்து அடுக்காக வைத்துத் தைத்தால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆகும். இதற்குப் பாலியெஸ்டரைச் சேர்க்கக் கூடாது, சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். அதைவிடச் சிறியவற்றைக் கத்தரித்துத் தரையில் போட்டு உட்காரும் திண்டுக்குள் அடைக்கலாம். தலையணைக்கு வேண்டாம், கல்லாகக் கனக்கும். எதை அடைத்தாலும் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் கொஞ்சம் ஈரம் உள்ளே போனாலும் பூஞ்சை பிடித்து வாடை வந்துவிடும்.

வெட்டியெடுத்த கழுத்துப்பட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மாடு செய்கிறோம். ஒரு பட்டையை வளையமாக வைத்து அதன்மேல் டி-சட்டை நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து, கை மணிக்கட்டின் தடிமன் வந்ததும் முனையைச் செருகித் தைத்துவிட்டால், அடி உருண்டையான பானையோ மண்சட்டியோ அதில் அசையாமல் உட்காரும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் பெண்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். நேர்த்திக்கடனுக்குப் பழைய துணி ஆகாது என்பதால் அவர்களுக்கு மட்டும் புதிய மஞ்சள் பனியன் துணி வாங்கி, இதே முறையில், நெற்றிப்பக்கம் கொஞ்சம் மெல்லிதாகவும் பின்பக்கம் கொஞ்சம் தடிப்பாகவும் சுற்றிக் கொடுக்கிறோம். மலையடிவாரத்திலிருந்து படி ஏறும்போது குடம் பின்னால் சாய்வதில்லை என்று சொல்கிறார்கள்.